கேள்வி–பதில்: மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பத்தைப் பற்றி ரசிகர்கள் ஏன் இரண்டுபட்டார்கள்?

கேள்வி (கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்): அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பத்தைக் கேட்டவர்களில் சிலர் “பழைய மெட்டாலிகா திரும்பிவிட்டது” என்று கொண்டாடுகிறார்கள், சிலரோ முழுமையாகக் கேட்கவே முடியாத இரைச்சல் என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது?

பதில்: இருவரையும் நம்பலாம். இரு தரப்பாரும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நாம் எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. 2008 செப்டம்பர் 12 அன்று ஆல்பம் வெளிவந்தபோது, பாராட்டியவர்கள் பாடல்களின் கட்டமைப்பையும் வாசிப்பின் வேகத்தையும் பாராட்டினார்கள். மனம் நொந்தவர்களில் பலர் அந்தப் பாடல்கள் ஒலித்தட்டில் ஏற்றப்பட்ட விதத்தைக் கண்டித்தார்கள். பாடல்கள் நன்று, பதிவு மோசம் என்று ஒரே மூச்சில் சொன்ன ரசிகர்களும் உண்டு. என் தீர்ப்பும் அதுதான்.

கேள்வி (வாசகி, மதுரை): முந்தைய ஆல்பம் அவ்வளவு மோசமாக இருந்ததால்தான் இது நன்றாக இருப்பதாகத் தோன்றியதோ?

பதில்: அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. 2003-இல் வந்த ‘செயின்ட் ஆங்கர்’ ஆல்பத்தில் லார்ஸ் உல்ரிச்சின் ஸ்னேர் டிரம் தகர டப்பாவைத் தட்டுவதுபோல ஒலித்ததையும், கிதாரின் தனி வாசிப்பு ஒரு பாடலில்கூட இல்லாததையும் ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அது குழு ஏறக்குறைய உடைந்துபோன காலம். பேஸ் வாசித்த ஜேசன் நியூஸ்டெட் 2001 தொடக்கத்தில் விலகினார். அதே ஆண்டில் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் குடிப்பழக்கத்திலிருந்து மீள்வதற்காகச் சிகிச்சைக்குச் சென்றார். பேஸ் பகுதிகளைத் தயாரிப்பாளர் பாப் ராக் தாமே வாசித்துப் பதிவுசெய்ய நேர்ந்தது.

ஆனால் ஒப்பீட்டால் மட்டுமே ஓர் ஆல்பம் பிழைத்துவிடாது. ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பத்துக்குத் தயாரிப்பாளராக வந்த ரிக் ரூபின், ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ ஆல்பத்தை உருவாக்கிய காலத்தின் மனநிலைக்கு மீண்டும் செல்லுமாறு குழுவினரைத் தூண்டினார். அதன் விளைவு வெளிப்படையாகத் தெரிகிறது: கிதாரின் சுருதி பெரும்பாலும் வழக்கமான இடத்துக்குத் திரும்பியது, கிர்க் ஹாம்மெட்டின் தனி வாசிப்புகள் திரும்பின, ஒரே பாடலுக்குள் மூன்று நான்கு முறை தாளகதி மாறும் பழைய வழக்கமும் திரும்பியது. 1984, 1986, 1988 ஆகிய ஆண்டுகளின் மூன்று ஆல்பங்களிலும் நான்காம் பாடல் மெதுவாகத் தொடங்கி, இறுதியில் வெறிகொண்டு முடியும் என்பதைப் பழைய ரசிகர்கள் அறிவார்கள். இதிலும் நான்காவதாக வரும் ‘தி டே தட் நெவர் கம்ஸ்’ அதே வழியில் செல்கிறது. இதைப் பாசத்தோடு வரவேற்றவர்களும் உண்டு, தம்மையே நகலெடுக்கிறார்கள் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அந்தப் பாடலின் பிற்பகுதியில் இரு கிதார்களும் இணைந்து ஓடும் இடத்தைக் கேட்டபின் நகல் என்ற குற்றச்சாட்டு எனக்குப் பெரிதாகப் படவில்லை.

கேள்வி (ஒலிப்பதிவு பயிலும் மாணவர், சென்னை): பதிவில் உண்மையில் என்னதான் கோளாறு?

பதில்: குறுந்தகட்டில் ஒலியலையின் ஒவ்வொரு புள்ளியும் 65,536 படிநிலைகளுள் ஒன்றாகப் பதிவாகிறது, உச்சப் படிக்கு மேல் இடம் கிடையாது. மற்ற ஆல்பங்களைவிடத் தம்முடையது உரக்க ஒலிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள், டிரம் அடியைப் போலத் திடீரென எழும் உச்சிகளை லிமிட்டர் என்ற கருவியைக் கொண்டு அமுக்கிவிட்டு, எஞ்சியதை மொத்தமாக உயர்த்துவார்கள். ஓரளவுவரை காதுக்கு அது தெரியாது. அதற்கும் மேலே தள்ளினால் உச்சிகள் அமுங்குவதோடு நில்லாமல் தட்டையாக வெட்டுப்பட்டுவிடும். ஒவ்வொரு டிரம் அடியிலும் கரகரப்பு கேட்கும். முன்பே சொன்ன நான்காம் பாடலில் இதைத் தெளிவாக உணரலாம். அமைதியான தொடக்கத்துக்குப் பின் வேகப் பகுதி வரும்போது ஒலி பாய்ந்து எழ வேண்டும். எழுவதற்கு மேலே இடமில்லாததால் அது எழாமல் கரகரக்கிறது.

ரசிகர்கள் இதைக் கையும் களவுமாகப் பிடித்ததற்குக் காரணம் ஒரு வீடியோ விளையாட்டு. ‘கிட்டார் ஹீரோ III’ விளையாட்டுக்கென இதே பாடல்கள் அதே நாட்களில் வெளியிடப்பட்டன. அந்த வடிவம் இறுதிக்கட்ட அமுக்கத்துக்கு உள்ளாகவில்லை. இரண்டின் அலைவடிவங்களையும் கணினித் திரையில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது, விளையாட்டில் வந்ததில் ஏற்ற இறக்கங்கள் இருந்தன. விலை கொடுத்து வாங்கிய தட்டிலோ தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே உயரப் பட்டை. ஆல்பத்தை மீண்டும் கலந்து வெளியிடக் கோரி ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். பதிவில் குறையேதும் இல்லை, 2008-இல் ஆல்பங்கள் இப்படித்தான் தயாராகின்றன என்ற தோரணையில் உல்ரிச் பதிலளித்தார். அரிய வாசிப்பைத் தந்த ஒருவர் இந்தப் பதிலைத் தந்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி (அதே மாணவர்): அப்படியானால் பழி மாஸ்டரிங் (கலந்து முடித்த பதிவை வெளியீட்டுக்கு முன் இறுதியாகச் சீர்செய்யும் வேலை) செய்தவரைச் சேருமா?

பதில்: சேராது. மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தம்மிடம் வந்து சேரும் முன்பே கலவை அந்த அளவுக்கு அமுக்கப்பட்டிருந்தது என்றும், இதில் தம் பெயர் இருப்பதில் தமக்குப் பெருமை இல்லை என்றும் ரசிகர் ஒருவருக்கு எழுதிய கடிதம் அப்போதே வெளியாகிவிட்டது.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): கிதாரைக் கரகரக்க வைப்பதுதானே இந்த இசையின் அடையாளமே? இன்னும் கொஞ்சம் கரகரப்புக்கு ஏன் இவ்வளவு கூச்சல்?

பதில்: நல்ல கேள்வி, ஆல்பத்தின் ஆதரவாளர்களில் பலர் இதைத்தான் கேட்டார்கள். கிதாரின் கரகரப்பு கலைஞர் தம் ஆம்ப்ளிஃபயரில் தேர்ந்து அமைத்துக்கொள்வது. அது அந்தக் கருவியோடு நிற்கும். வெட்டுப்பட்ட அலையின் கரகரப்பு, குரல், சிம்பல், பேஸ் என்று அந்தக் கணத்தில் ஒலிக்கும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சிதைக்கிறது. அதை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. அரை மணி நேரத்தில் காது களைத்துப்போவதற்கு அதுவே காரணம்.

கேள்வி (வாசகி, திருச்சி): இத்தனை எதிர்ப்பு விற்பனையைப் பாதித்ததா?

பதில்: இல்லை. அமெரிக்காவில் முதல் மூன்று நாட்களிலேயே சுமார் 4,90,000 பிரதிகள் விற்றுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு இதன் இறுதிப் பாடல் மெட்டல் பிரிவில் கிராமி விருதும் பெற்றது. மனுவில் கையெழுத்திட்டவர்களில் பலரும் தட்டை வாங்கியவர்களாகவே இருந்திருப்பார்கள்.

கேள்வி (வாசகர், சேலம்): நான் கைபேசியில்தான் கேட்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் எல்லாப் பாடல்களின் ஒலியளவையும் தாமே சமன்செய்துவிடுகின்றன, ஆகவே எந்த உரப்புக்காக இத்தனை சேதம் செய்தார்களோ அந்த உரப்பு இன்று உங்களை வந்தடைவதே இல்லை. ஒலியளவைச் சமன்செய்வதால் வெட்டுப்பட்ட உச்சிகள் மட்டும் சரியாகிவிடுவதில்லை. சுமார் 75 நிமிட ஆல்பத்தை ஒரே அமர்வில் கேட்க முயல வேண்டாம். ‘ஆல் நைட்மேர் லாங்’, நான்காம் பாடல், ஐந்தே நிமிடத்தில் முடியும் ‘மை அபோகலிப்ஸ்’ ஆகிய மூன்றையும் முதலில் கேளுங்கள். குரலே இல்லாமல் பத்து நிமிடம் நீளும் ஒன்பதாம் உருப்படியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அது பாதியாகச் சுருங்கியிருந்தால் எவரும் குறைப்பட்டிருக்க மாட்டார்கள். ஒலியளவை வழக்கத்தைவிட ஒரு படி குறைத்தே வையுங்கள்.