அளவுகோடு போட்ட விரிப்பு வந்துவிட்டது, அடுத்து என்ன செய்வது?

வாசகர் கேள்வி பதில்: பிரசவ வார்டு

கேள்வி: பிரசவத்தின்போது ரத்தம் சேகரிக்கும், அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்புகள் எங்கள் மருத்துவமனைக்கு வந்திருக்கின்றன. "இத்தனை வருஷம் கண்ணால் பார்த்தே சமாளித்தோமே" என்கிறார்கள் சீனியர் சிஸ்டர்கள். என்ன பதில் சொல்வது?
– ஸ்டாஃப் நர்ஸ், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அனுபவம் உள்ள கண்ணும் ரத்தத்தைக் குறைத்தே மதிப்பிடும். கர்நாடகத்தின் பெல்காமில் (இப்போது பெலகாவி) இந்த விரிப்பை வைத்துச் செய்த ஆய்வு 2006-ல் வெளியானது. அதில் கண்மதிப்பு, விரிப்பில் அளந்ததைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது. 600 மி.லி. இழந்த தாயின் கேஸ் ஷீட்டில் 400 என்று எழுதப்படுகிறது என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பீறிட்டு வரும் ரத்தத்தை யாரும் தவறவிடுவதில்லை. சொட்டுச் சொட்டாக, பஞ்சிலும் துணியிலும் தாயின் இடுப்புக்கு அடியிலும் பிரிந்து போகும் ரத்தம்தான் ஏமாற்றும்.

ஆனால் சீனியர் சிஸ்டர்களின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. ஐரோப்பாவில் 13 நாடுகளில், 25,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களில் ரத்தம் சேகரிக்கும் பையை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. அந்த முடிவு 2010-ல் வந்தது. பிறகு கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்த இ-மோட்டிவ் ஆய்வு 2023-ல் வெளியானது. அங்கே விரிப்போடு, "இந்தக் கோட்டைத் தொட்டால் இந்த ஐந்தையும் உடனே செய்" என்ற முறையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு லிட்டருக்கு மேல் ரத்த இழப்பு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, மரணம் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று நேர்ந்த தாய்மார்களின் விகிதம் வழக்கமான முறையில் 4.3 சதவீதம், இந்த முறையில் 1.6 சதவீதம். எண்ணைப் பார்த்ததும் கை எங்கே போக வேண்டும் என்று முன்பே முடிவாகியிருந்ததுதான் வித்தியாசம்.

கேள்வி: அந்த ஐந்து என்ன? எந்த அளவில் தொடங்க வேண்டும்?
– மருத்துவ அலுவலர், புதுக்கோட்டை

பதில்: குழந்தை பிறந்து, பனிக்குட நீர் வடிந்த பிறகே விரிப்பைப் போடுங்கள். முன்பே போட்டால் நீரும் சிறுநீரும் கலந்து அளவு பொய்யாகும். விரிப்பின் நுனியில் உள்ள பை கட்டிலின் விளிம்புக்குக் கீழே தொங்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒருமுறை பையின் அளவு, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கர்ப்பப்பையின் இறுக்கம் ஆகியவற்றைப் பாருங்கள்.

ரத்தம் 500 மி.லி.யைத் தொட்டால் கேள்வியே இல்லை, ஐந்தையும் தொடங்குங்கள். 300 மி.லி.யிலேயே நாடி 100-ஐத் தாண்டினாலோ, மேல் அழுத்தம் 100-க்குக் கீழே வந்தாலோ அப்போதே தொடங்குங்கள். கர்ப்பப்பையை மசாஜ் செய்வது, ஆக்ஸிடோசின் (கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் மருந்து), ட்ரானெக்ஸாமிக் ஆசிட் (ரத்தக்கட்டு கரையாமல் காக்கும் மருந்து), நரம்பு வழி திரவம், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்ற பரிசோதனை (கிழிசல், நச்சுக்கொடித் துண்டு, நிரம்பிய சிறுநீர்ப்பை) ஆகிய ஐந்தும் 15 நிமிடத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும். ஆக்ஸிடோசின் 10 யூனிட்டை சலைனில் கலந்து 10 நிமிடத்தில் கொடுத்துவிட்டு, 20 யூனிட்டை ஒரு லிட்டரில் கலந்து 4 மணி நேரம் ஓட்டுவது ஆய்வில் பின்பற்றிய முறை. ட்ரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், 10 நிமிடத்தில். இரண்டையும் வேகமாக ஏற்றினால் ரத்த அழுத்தம் சரியும்.

பெரும்பாலான லேபர் ரூம்களில் கெடுவது இங்கேதான். முதலில் மசாஜ், அது கேட்காவிட்டால் ஆக்ஸிடோசின், அதுவும் கேட்காவிட்டால் அடுத்தது என்று படிப்படியாகப் போகும் பழக்கம் நம் பயிற்சியிலேயே ஊறியிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் காத்திருக்கும் நிமிடங்களில் தாய் ரத்தம் இழந்துகொண்டே இருக்கிறாள். ட்ரானெக்ஸாமிக் ஆசிட்டைக் "கடைசி மருந்து" என்று ஒதுக்கி வைப்பதை விட்டுவிடுங்கள். பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், தாமதிக்கும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் அந்தப் பலன் சுமார் 10 சதவீதம் குறைகிறது.

கேள்வி: இரவில் டாக்டர் வரும்வரை நாங்களே மருந்து தொடங்கலாமா? ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?
– பெயர் வெளியிட விரும்பாத செவிலியர்

பதில்: இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாத மருத்துவமனையில் எந்தப் புது முறையும் நிலைக்காது. எந்த அளவில், எந்த மருந்தை, எவ்வளவு, யார் தொடங்கலாம் என்று தலைமை மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு பக்க ஆணையை லேபர் ரூம் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். வாய்மொழி அனுமதி போதாது, அடுத்த ஷிப்டுக்கு அது போய்ச் சேராது.

கேள்வி: மருந்துகளை எங்கே வைப்பது?
– மருந்தாளுநர், கடலூர்

பதில்: பூட்டிய அலமாரியில் வேண்டாம். கேனுலா, சலைன், சிரிஞ்ச், கையுறை, ட்ரானெக்ஸாமிக் ஆம்பூல் எல்லாம் ஒரே பெட்டியில், ஷிப்டுக்கு ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்திட்டு இருக்கட்டும். ஆக்ஸிடோசின் மட்டும் 2 முதல் 8 டிகிரியில், லேபர் ரூம் ஃப்ரிட்ஜிலேயே. வெயிலில் கிடந்த ஆக்ஸிடோசின் வீரியம் இழந்திருக்கும், பார்த்தால் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. ட்ரானெக்ஸாமிக் ஆம்பூலை மயக்க மருந்துத் தட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். முதுகுத்தண்டில் போடும் மருந்தின் ஆம்பூலைப் போலவே தோற்றம் கொண்டவை இருப்பதால், மாற்றிப் போட்டு உயிர்கள் போயிருக்கின்றன.

கேள்வி: ஆறு மாதம் ஒழுங்காக நடக்கும், பிறகு விரிப்புகள் ஸ்டோரில் தூங்கும். எப்படித் தடுப்பது?
– செவிலியர் கண்காணிப்பாளர், ஈரோடு

பதில்: மாதம் இரண்டு எண்கள் போதும். மொத்தப் பிரசவங்களில் எத்தனைக்கு விரிப்பு போட்டீர்கள்? ரத்தப்போக்கு ஏற்பட்டவர்களில் எத்தனை பேருக்கு ஐந்தும் 15 நிமிடத்தில் கிடைத்தது? இவற்றை லேபர் ரூம் சுவரில், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுங்கள். யார் தவறு என்று தேடும் கூட்டமாக மாதக் கூட்டத்தை ஆக்கிவிட்டால் அடுத்த மாதமே பதிவேட்டில் எல்லாம் 450 மி.லி. என்று வரும். 500-க்குச் சற்றுக் கீழே எண்கள் குவிந்தால் அளக்கவில்லை, எழுதுகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பயிற்சிக்கு வெளியூர் அனுப்புவதைவிட, லேபர் ரூமிலேயே பையில் சிவப்புச் சாயநீர் ஊற்றி 20 நிமிட ஒத்திகை பார்ப்பது பலன் தரும். பணியிட மாறுதலில் புதிதாக வருபவருக்கு முதல் இரவுப் பணிக்கு முன் இதைச் செய்யுங்கள்.

விரிப்பு தீர்ந்துபோனாலும் அளப்பதை நிறுத்தாதீர்கள். நனைந்த துணி, பஞ்சு எல்லாவற்றையும் எடை போட்டு, உலர்ந்த எடையைக் கழித்தால், ஒரு கிராம் கிட்டத்தட்ட ஒரு மி.லி. ரத்தம். உலர்ந்த எடைகளை முன்கூட்டியே தராசின்மேல் எழுதி ஒட்டி வையுங்கள்.