ஏரிக்கரையில் நான்கு நாள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆள் நடமாட்டமே இல்லாத ஏரிக்கரை விடுதி ஒன்றில் போன தடவை நான்கு நாள் தங்கினேன். இரண்டாம் நாளே தலைவலி, எதற்கெடுத்தாலும் எரிச்சல். கை போனையே தேடியது. எனக்கெல்லாம் அமைதி ஒத்துவராதா?

பதில்: ஒத்துவரும். தலைவலிக்கு முதலில் காபி, டீயைச் சந்தேகப்படுங்கள். தினமும் நான்கைந்து கப் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி ஆரம்பிக்கும். அடுத்த நாள் இன்னும் கூடும். கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே இரண்டு நாளுக்கு ஒரு கப் வீதம் குறையுங்கள். இல்லையா, அங்கேயும் வழக்கம்போலக் குடியுங்கள். ஓய்வெடுக்கத்தானே போகிறீர்கள், விரதம் இருக்க அல்லவே!

போனை வீட்டில் விட்டுப் போக வேண்டாம், அவசரத்துக்கு வேண்டும். ஆனால் டவர் எட்டாத இடத்தில் சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜ் தீரும். ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பைக்குள் வையுங்கள். தினம் ஒரே நேரத்தில் கால் மணி நேரம் மட்டும் திறப்பேன் என்று வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் அணைத்தால் அவர்களுக்கும் கவலை, உங்களுக்கும் நிம்மதி இருக்காது. மறக்காமல் ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். மணி பார்க்க எடுத்த போன்தான் அரை மணி நேரத்தை விழுங்கும்.

அடுத்த தவறு, ஒன்பது மணி வரை தூங்குவது. வெயில் ஏறும்போது தண்ணீரைவிடத் தரை சீக்கிரம் சூடாகிறது. தரைமேல் உள்ள காற்று மேலெழ, ஏரியிலிருந்து காற்று கரைப்பக்கம் வீசத் தொடங்கும், நீர்ப்பரப்பு சிலிர்த்துவிடும். கண்ணாடி போன்ற ஏரி வேண்டுமென்றால் விடியலுக்கு முன்பே போய் உட்கார வேண்டும். நான்கு நாளும் ஒரே இடத்தில், அரை மணி நேரம். முதல் பத்து நிமிடம் மனம் அலுவலகக் கணக்கையெல்லாம் பேசும். பேசட்டும், அடக்கப் பார்க்காதீர்கள். மீன் வாய் வைத்த இடத்தில் கிளம்பும் வட்டத்தைக் கரையில் கரையும்வரை கண்ணால் தொடருங்கள். அது முடிந்ததும் அடுத்த வட்டம். மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். தலை சுற்றினால் ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். மெதுவாக இழுத்தால் போதும்.

கேள்வி: ராத்திரியில் எதிர்க்கரைப் பேச்சு பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்கிறது. ஏன்?

பதில்: இரவில் நீரையொட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலுள்ள காற்று சற்றுச் சூடாகவும் இருக்கும். அதனால் மேலே போக வேண்டிய ஒலி வளைந்து மறுபடி கீழே இறங்குகிறது. தடுக்க நடுவில் மரமோ மேடோ கிடையாது. தூக்கம் லேசானவர்கள் ஏரியைப் பார்த்த அறையை ஆசைப்பட்டுக் கேட்காமல், மரங்களுக்குப் பின்னால் உள்ளதைக் கேளுங்கள். உங்கள் பேச்சும் அவர்களுக்குக் கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்!

கேள்வி: தனியாக நீந்தலாமா?

பதில்: கூடாது. மேலே வெதுவெதுப்பாக இருக்கும் ஏரி, சில அடி கீழே சில்லென்று மாறலாம். திடீர்க் குளிரில் மூச்சுத் திணறி, தன்னையறியாமல் தண்ணீரை உள்ளிழுத்துவிடுவார்கள். நீச்சலில் கெட்டிக்காரருக்கும் இதுதான் கதி. பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோலத் தண்ணீர்மேல் படலம் படர்ந்திருந்தால் காலைக்கூட நனைக்க வேண்டாம். அது நச்சுப் பாசியாக இருக்கலாம்.