ஊசி போட்ட தோளுக்கு இழப்பீடு: அரசு சொல்லும் தொகைக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். பார்மசியில் ஃபுளூ தடுப்பூசி போட்ட அன்றிரவே தோள்வலி தொடங்கியது. எட்டு மாதம் பிசியோதெரபி, இரண்டு ஸ்டீராய்டு ஊசி. இன்னும் கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. அமெரிக்க மத்திய அரசின் தடுப்பூசி இழப்பீட்டுத் திட்டத்தில் வழக்குப் போட்டதில் அரசுத் தரப்பு ஒரு தொகை சொல்கிறது. வக்கீல் ‘உங்கள் முடிவு’ என்கிறார். ஒப்புக்கொள்ளட்டுமா?

பதில்: தொகையை விடுங்கள். முதலில் வக்கீலிடம் ஒன்று கேளுங்கள்: உங்களுக்கு இழப்பீட்டுத் தகுதி உண்டு என்று அரசு ஏற்றுக்கொண்டுவிட்டதா, அல்லது ஏற்காமலே சமரசம் பேசுகிறதா?

ஏற்றிருந்தால் மிச்சம் பணக்கணக்கு மட்டும்தான். பேச்சு படியாவிட்டால், நீதிபதி போல இருந்து வழக்கை விசாரிக்கும் ‘ஸ்பெஷல் மாஸ்டர்’ பழைய தீர்ப்புகளோடு ஒப்பிட்டுத் தொகையை நிர்ணயிப்பார். காலம் போகும், வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். ஏற்காத வழக்கு அப்படியல்ல. தோற்கும் அபாயத்தையும் கழித்துத்தான் தொகை சொல்வார்கள். மறுத்தால் ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம்.

தகராறு பெரும்பாலும் வருவது 48 மணி நேரக் கணக்கில்தான். ‘ஸிர்வா’ எனப்படும் இந்தத் தோள் பாதிப்பு 2017 மார்ச் 21 முதல் இழப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறது. வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியிருக்க வேண்டும், அந்தத் தோளில் முன்பு கோளாறு இருந்திருக்கக் கூடாது. ‘அன்றிரவே’ என்று நீங்கள் இன்று சொல்வதைவிட, முதலில் பார்த்த டாக்டர் அன்று எழுதிய குறிப்புக்கே எடை அதிகம். நம்மவர்கள் தைலம் தேய்த்து மூன்று மாதம் ஓட்டிவிட்டு, டாக்டரிடம் ‘கொஞ்ச நாளாக வலி’ என்பார்கள். அந்த ஒரு வரியை வைத்தே எதிர்த்தரப்பு தொகையைக் குறைக்கும்.

வலி வேதனைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். அதை மனதில் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஆபரேஷன் இல்லாத வழக்குகள் பெரும்பாலும் ஒரு லட்சத்துக்குக் கீழேதான் முடிகின்றன. இழந்த சம்பளமும் மருத்துவச் செலவில் காப்பீடு போக கைக்காசில் கட்டிய கோ-பேயும் இதில் சேராது, தனியாகக் கேட்க வேண்டியவை. ரசீது எதுவும் விட்டுப்போயிருந்தால் கையெழுத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். எலும்பு டாக்டர் ஆபரேஷன் பேச்சை எடுத்திருக்கிறாரா? அதை முடிவு செய்யாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிறகு மறுபடி கேட்க வழியில்லை.

வக்கீல் ஃபீஸ் உங்கள் தொகையிலிருந்து போகாது. தடுப்பூசிகளில் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் வசூலாகும் வரி நிதியிலிருந்து அது தனியாக வரும். உங்கள் இழப்பீடும் அங்கிருந்துதான், பார்மசி தருவதில்லை.

இன்னொன்று: அன்றே அதே கையில் கோவிட் ஊசியும் போட்டிருந்தால் வக்கீலிடம் மறைக்காதீர்கள். அது இந்தத் திட்டத்தில் வராது, ஓராண்டு மட்டுமே கெடு உள்ள வேறொரு திட்டம்.