பிரெஞ்சு சின்னத் தட்டு உணவகம்: என்ன ஆர்டர் சொல்வது, எப்படிச் சாப்பிடுவது? கேள்வி பதில்

சின்னச் சின்னத் தட்டுகளாகப் பல உணவுகளைச் சொல்லி, மேசையில் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடும் உணவகங்களில், பாரிஸில் பதினோரு ஆண்டுகள் பரிமாறியிருக்கிறேன். மெனுவில் 'அ பார்த்தாஜே', அதாவது 'பகிர்ந்து சாப்பிட' என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் தயங்கி நிற்கும் முகங்களை நிறையப் பார்த்தவள். இந்தச் சாப்பாட்டு முறை எனக்கு மிகவும் பிடிக்கும். நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்த வரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் இரண்டு பேர். எத்தனை தட்டு சொல்ல வேண்டும்? போன முறை எட்டு சொல்லிவிட்டு மேசையில் இடமே இல்லாமல் திண்டாடினோம்.

இரண்டு பேருக்கு ஐந்து, நல்ல பசி என்றால் ஆறு. ஆனால் உங்களைத் திண்டாட வைத்தது எண்ணிக்கை இல்லை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னதுதான். முதலில் மூன்றே மூன்று சொல்லுங்கள்: குளிர்ந்தது ஒன்று, காய்கறி ஒன்று, சூடானது ஒன்று. "மிச்சத்தை அப்புறம் சொல்கிறோம், மெனு இங்கேயே இருக்கட்டும்" என்று சர்வரிடம் சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சமையலறை எத்தனை மணிக்கு மூடும் என்பதை மட்டும் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டு சின்னது என்பதால் சாப்பாடும் லேசாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சு சமையல் கலைஞர் ஜோயல் ரோபுஷோனின் பேர்பெற்ற உருளைக்கிழங்கு மசியலில் 1 கிலோ கிழங்குக்கு 250 கிராம் வெண்ணெய். அப்படி ஒரு தட்டு, கிரீம் ஊற்றி அவனில் சுட்ட க்ராத்தான் ஒரு தட்டு, பன்றி இறைச்சியை அதன் கொழுப்பிலேயே வேகவைத்து மசித்த ரிலெத் ஒரு தட்டு என்று அடுக்கினால், நான்காவது தட்டு வரும்போது கை நின்றுவிடும். கனமான ஒன்றைச் சொன்னால், பக்கத்தில் புளிப்பாக ஒன்று இருக்கட்டும். வினிகர் சாஸில் ஊறிய லீக்ஸ் (வெங்காய வகை) தண்டு, கடுகு மயோனைஸில் பிரட்டிய செலரிக் கிழங்கு இரண்டும் அதற்காகவே மெனுவில் இருக்கின்றன.

கேள்வி: முதலில் சொன்னது கடைசியில் வந்தது. கவனக்குறைவா?

பெரும்பாலும் இல்லை. குளிர்ந்த தட்டுகளை ஒரு பக்கம் ஒருவர் அடுக்குவார், சூடானவை இன்னொரு பக்கம் அடுப்பில் இருக்கும். எது தயாரோ அதை உடனே வெளியே அனுப்புவார்கள், சூடு ஆறக் கூடாதே.

பிரான்சில் பல உணவுகளை ஒன்றாக மேசையில் பரப்புவது புதிதும் இல்லை. பழைய விருந்துகளில் ஒவ்வொரு சுற்றிலும் எல்லாப் பாத்திரங்களையும் ஒரே நேரத்தில் வைப்பார்கள், அவரவர் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறும் ரஷ்ய முறை 19ஆம் நூற்றாண்டில்தான் அங்கே வேரூன்றியது. குறிப்பிட்ட ஒரு தட்டு கடைசியில்தான் வேண்டும் என்றால் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், எழுதி வைத்துக்கொள்வோம்.

கேள்வி: 'ஓந்த்ரே' என்று போட்டிருந்தது. அது முக்கிய உணவுதானே?

பிரான்சில் அது தொடக்கம். முக்கிய உணவு 'ப்ளா'. அமெரிக்காவில்தான் இந்தச் சொல்லை முக்கிய உணவுக்குச் சொல்கிறார்கள், குழப்பம் அங்கிருந்து வருகிறது.

கேள்வி: நான் சுத்த சைவம். நண்பர்களோடு போனால் பட்டினிதானா?

பட்டினி வேண்டாம். ஆனால் மெனுவைப் படித்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். வெங்காய சூப் பெயரில் இறைச்சி இருக்காது, ஆனால் பல இடங்களில் மாட்டெலும்புச் சாறுதான் அதற்கு அடிப்படை. பயறு சாலட்டில் பன்றி இறைச்சித் துணுக்குகள் கலந்திருக்கும். நுரைபோல் இருக்கும் மூஸ் சிலவற்றில், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். இறைச்சித் துண்டு கண்ணில் படாவிட்டால் சைவம்தான் என்று உண்மையாகவே நினைக்கும் சர்வர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன். அதனால் "சைவமா?" என்று பொதுவாகக் கேட்காமல், "எந்தச் சாற்றில் வேகவைத்தது? பன்றித் துணுக்கு உண்டா? ஜெலட்டின் உண்டா?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

சீஸ் விஷயம் இன்னும் நுட்பமானது. கொந்தே, ரோக்ஃபோர் போன்றவற்றில் பாலைத் திரிக்க, கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் சேர்க்கிறார்கள். அது உங்களுக்கு ஆகாது என்றால் 'கூஜெர்' என்ற சீஸ் உருண்டைகளையும் கேட்காமல் தொடக் கூடாது. லீக்ஸ், வறுத்த காலிஃபிளவர், காளான், முட்டை மயோனைஸ் (முட்டை சாப்பிடுபவராக இருந்தால்) என்று வயிறு நிறைய வழி உண்டு. மேசை பதிவு செய்யும்போதே சொல்லிவிட்டால் சமையல்காரருக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். அவசரமில்லாமல் யோசித்துச் செய்த தட்டின் ருசியே தனி.

கேள்வி: நத்தை சாப்பிட ஆசை. அந்த இடுக்கியைப் பார்த்தால்தான் பயம், கூடு வழுக்கி ஓடிவிடுமே.

பயப்படாதீர்கள் தம்பி. மற்ற இடுக்கிகளுக்கு நேர்மாறாக இது வேலை செய்யும்: அழுத்தினால் வாய் திறக்கும், விட்டால் கவ்விக்கொள்ளும். கூட்டைக் கவ்வியதும் கையைத் தளர்த்திவிடுங்கள், வழுக்காது. இன்னொரு கையில் இரண்டு பல் உள்ள மெல்லிய முள்கரண்டி. அதைக் குத்தி மெதுவாகச் சுழற்றினால் சதை முழுதாக வந்துவிடும். பூண்டும் பார்ஸ்லியும் கலந்த வெண்ணெய் தட்டின் குழிகளில் கொதித்துக்கொண்டே வரும், சில விநாடி பொறுத்துச் சாப்பிடுங்கள். வழக்கமாக ஆறு அல்லது பன்னிரண்டு வரும். நான்கு பேர் என்றால் ஆறு சொல்லாதீர்கள், பங்கு போட முடியாது!

கேள்வி: தட்டில் மிஞ்சும் சாஸை பிரெட்டால் துடைத்துச் சாப்பிட்டால் நாகரிகம் இல்லை என்கிறார்களே?

பெரிய விருந்துகளில் தவிர்ப்பார்கள். இந்த மாதிரி உணவகத்தில் தாராளமாகச் செய்யுங்கள். துடைத்த தட்டு சமையலறைக்குத் திரும்பும்போது சமையல்காரர் முகம் மலர்வதை எத்தனையோ இரவுகள் பார்த்திருக்கிறேன். பொதுத் தட்டு என்பதால், கடித்த துண்டை மட்டும் மறுபடி அதில் தோய்க்காதீர்கள்.

கேள்வி: பிரெட், தண்ணீருக்குக் காசா? டிப்ஸ் எவ்வளவு?

பிரான்சில் சாப்பாட்டோடு பிரெட்டும் குழாய்த் தண்ணீரும் இலவசம். 'கராஃப் தோ', அதாவது ஒரு குடுவைத் தண்ணீர் என்று கேளுங்கள். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்துவிடும், அதற்குக் காசு. மெனு விலையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம். மனம் நிறைந்திருந்தால் ஓரிரு யூரோ வைத்துவிட்டு வரலாம், கட்டாயம் இல்லை.

கேள்வி: தனியாகப் போகலாமா அக்கா? பகிர ஆள் இல்லையே.

அவசியம் போங்கள். மேசை வேண்டாம், கவுன்டரில் இடம் கேளுங்கள். 2003இல் ரோபுஷோன் பாரிஸில் திறந்த 'லத்தலியே' உணவகத்தில் சமையலறையைச் சுற்றிக் கவுன்டர் வைத்து, சின்ன அளவுகளில் பரிமாறினார். ஸ்பெயினின் டப்பாஸ் (சின்னத் தட்டு) கடைகளும் ஜப்பானின் சுஷி கவுன்டர்களும்தான் அதற்கு முன்மாதிரி. கண்ணெதிரே சமைப்பதைப் பார்த்தபடி இரண்டு தட்டு சாப்பிடுங்கள், போதும். சில தட்டுகளைப் பாதி அளவில் தருவார்களா என்றும் கேட்டுப் பாருங்கள், கூட்டம் குறைவான நேரத்தில் செய்து தருவார்கள்.

கேள்வி: இனிப்பை எப்போது சொல்வது?

பிரான்சில் சீஸ் முதலில், அதற்குப் பிறகே இனிப்பு. இனிப்பை மட்டும் முன்கூட்டியே சொல்லாதீர்கள், வயிற்றில் இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். 'ஈல் ஃப்ளோத்தாந்த்' இருந்தால் அதையே கேளுங்கள். நுரைக்க அடித்து மென்சூட்டில் வேகவைத்த முட்டை வெள்ளை, குளிர்ந்த வெனிலா கஸ்டர்டில் மிதந்து வரும். அத்தனை வெண்ணெய்க்குப் பிறகும் அது சுலபமாக இறங்கும். எத்தனை பேரோ அத்தனை ஸ்பூன் கேட்டு வாங்குங்கள்.