கோழிக்கறியை எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்? கழுவாமல் சமைத்தால் ஆபத்தா?

எத்தனை தண்ணீர் விட்டாலும் கோழியில் இருக்கிற கிருமி போகாது, அடுப்பில்தான் சாகும். இப்படிச் சொன்னால் "கவிச்சியோடு அப்படியே சட்டியில் போடுவீர்களா" என்று நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், தெரியும். நானும் கழுவுகிறவள்தான், எனக்கு வினை வந்தது கழுவிய விதத்தில்.

எங்களுக்கு ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கும், வீட்டில் மீன் குறைந்து பிராய்லர் கோழி ஏறும். எனக்குக் கைப்பழக்கம் எல்லாம் மீனில். செவுளைத் தூக்கிப் பார்த்தாலே நல்லதா கெட்டதா தெரிந்துவிடும். கோழி அப்படி எதையும் காட்டிக்கொடுக்காது. சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் என்று வயிற்றைக் கெடுக்கிற கிருமிகளைச் சொல்கிறார்களே, அவை இருந்தாலும் கறி பார்க்கவும் மோந்து பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும்.

மூன்று வருடம் முன்பு மே மாதம், நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். இரண்டு கிலோ கறியைக் குழாயடியில் மீன் கழுவுகிற மாதிரி அலசு அலசென்று அலசினேன், பக்கத்தில் திறந்து கிடந்த கொத்தமல்லித் தழை மேலெல்லாம் தெறித்தது. கறி அரிந்த அதே அரிவாள்மனையைத் தண்ணீரில் ஒரு தட்டு தட்டிவிட்டு, பச்சடிக்கு வெங்காயமும் வெள்ளரிக்காயும் நறுக்கினேன். குண்டு மிளகாய் அரைத்துப் போட்ட குழம்பு, நன்றாகக் கொதித்தது, அதில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் நாள் நாத்தனாருக்குக் காய்ச்சல், வயிற்று முறுக்கல், பேதி. அடுத்து அவர் மகள், அப்புறம் நான். மாமியார் கண்திருஷ்டி என்றார், நாத்தனார் வீட்டு அண்ணன் கறிக்கடைக்காரரைத் திட்டினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் "பச்சையாக என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. விழுந்த மூன்று பேரும் பச்சடி சாப்பிட்டவர்கள். தயிரைத் தொடாத என் வீட்டுக்காரரும், பச்சை வெங்காயம் ஆகாத மாமியாரும் அதே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருந்தார்கள். பரிசோதனை எதுவும் செய்யவில்லை, அதனால் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த அண்ணன் போகும்போது "61 நாள் சம்பளத்தோடு லீவு, நீங்கள் கோழி சாப்பிடலாம்" என்றார் பாருங்கள், அதுதான் இன்னும் ஆறவில்லை. தடைக்காலத்துக்கு அரசு கொடுக்கிற நிவாரணத்துக்குப் பெயர் சம்பளமா? வலை பொத்துவதும் படகுக்குப் பெயிண்ட் அடிப்பதும் யார் கணக்கு? சரி, விடுங்கள்.

நீங்கள் புதுக்குடித்தனம் போலத் தெரிகிறது, அதனால் சொல்கிறேன். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் குழாயைத் திறந்துவிடாமல் ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றித் தெறிக்காமல் அலசுங்கள். பிறகு அந்த இடம், கத்தி, கை எல்லாவற்றுக்கும் சோப்பு. குடம் பத்து ரூபாய்க்குத் தண்ணீர் வாங்குகிற எங்களுக்கு இது மிச்சமும்கூட. மஞ்சளும் உப்பும் போட்டால் கிருமி செத்துவிடும் என்று நம்பி உட்காராதீர்கள். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் சூட்டைத் தொட வேண்டும். குழம்பில் துண்டு முழுக்கக் கொதித்து வெந்தால் அதற்கு மேலேயே போய்விடும். பொரிக்கும்போதுதான் ஏமாற்றும், மேலே சிவந்து எலும்பு ஒட்டிய இடம் வேகாமல் இருக்கும், அதனால் சின்னத் துண்டாகப் போட்டு நிதானமான தீயில் பொரியுங்கள். எங்கள் ஊர் வெயிலில் பச்சைக் கறியோ சமைத்த கறியோ ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடக்கக் கூடாது. பச்சைக் கறி ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில், மூடி போட்ட டப்பாவில், இரண்டு நாள்தான். கரண்ட் போய்ப் போய் வருகிற ஊராக இருந்தால் அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.

இப்போது என்னிடம் இரண்டு அரிவாள்மனை. பழையதன் காலில் நீல வலைக்கயிறு சுற்றியிருக்கிறேன், அது கறிக்கு மட்டும். மாமியார் இன்னமும் அதை எடுத்துப்போட்டுத்தான் தேங்காய் துருவ உட்காருகிறார்.