மாமியாரைப் பார்த்துக்கொண்ட அனுபவம் போதுமா?

கேள்வி: படுத்த படுக்கையாக இருந்த மாமியாரை மூன்று வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். நர்சிங் உதவியாளர் பயிற்சியில் எனக்குப் புதிதாக என்ன இருக்கப்போகிறது? வீட்டுப் பராமரிப்பு வேலைக்கும் இதே பயிற்சிதானா?

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், நிறைய இருக்கிறது. பாசத்தில் கைக்கு வந்தபடி செய்த சிலவற்றை முதலில் மறக்க வேண்டியிருக்கும். பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கை முதலில், ஆனால் கட்டிலிலிருந்து மாற்றி உட்கார வைக்கும்போது நாற்காலி அவருடைய பலமான பக்கத்தில் இருக்க வேண்டும். தூக்கும்போது முழங்காலை மடக்கினால்தான் உங்கள் முதுகு தப்பும் (இந்த வேலையில் பலருக்கு முதலில் போவது அதுதான்). அப்புறம் நாடி, மூச்சு எண்ணுவது. பெரியவர்களுக்கு ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100, மூச்சு 12 முதல் 20. மாறுதல் தெரிந்தால் நீங்களாக மருந்து கொடுக்கக் கூடாது, நர்ஸிடம் சொல்லிவிட்டுக் குறித்து வைக்க வேண்டும்.

அடிப்படை இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் மருத்துவமனையில் கூப்பிட்ட குரலுக்கு நர்ஸ் இருப்பார், வீட்டில் நீங்கள் தனி. சமையல், துணி, கால் தடுக்கும் மிதியடி வரை உங்கள் பொறுப்பு. அதனால் முதலில் கொஞ்ச நாள் மருத்துவமனையில் வேலை பாருங்கள் என்பேன்.

சேரும் முன் நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பொம்மையோடு முடித்துவிடுவார்கள் என்றால் அந்த இடம் வேண்டாம்.