கன்றுக்குட்டி அளவில் ஒரு நாய்

"மூன்று மாத கிரேட் டேன் குட்டி வாங்கியிருக்கிறோம். எங்களுடையது இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு. இடம் போதுமா? எலும்பு பலப்பட கால்சியம் டானிக் கொடுக்கச் சொல்கிறார் மாமனார். ஆறு வயதுப் பையனும் இருக்கிறான். எத்தனை வருடம் இருக்கும் இது?"
– ஒரு வாசகி

இடம்தான் உங்கள் முதல் கவலை. எனக்கு அது கடைசிக் கவலை. வளர்ந்த கிரேட் டேன் பகலில் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். கால் நீட்டிப் படுக்க இடமும் தினமும் இரண்டு வேளை நடையும் போதும். தடித்த மெத்தை போடுங்கள், வெறும் தரையில் படுத்தால் முழங்கை காய்த்துப்போகும். லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதவில்லையே? வயதான காலத்தில் 60 கிலோவை யார் தூக்கிக்கொண்டு படி இறங்குவது!

மாமனார் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் டானிக் வேண்டவே வேண்டாம். ஒரு கிலோகூட இல்லாமல் பிறக்கிற குட்டி, ஒரு வருடத்தில் 50 கிலோவை நெருங்கிவிடும். இந்த வயதில் கூடுதல் கால்சியத்தை ஒதுக்கித் தள்ள அதன் குடலுக்குத் தெரியாது, எலும்பும் மூட்டும் கோணிவிடும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் உணவில் கால்சியத்தை அளந்துதான் சேர்த்திருப்பார்கள். அதுவே போதும். கொழுகொழுவென்று வளர்க்கவும் ஆசைப்படாதீர்கள். தடவிப் பார்த்தால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நெஞ்சுக்கூடு ஆழமான இந்த மாதிரி நாய்களுக்கு வயிறு காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும். வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது. எச்சில் ஒழுகும், ஓரிடத்தில் நிற்காமல் அலையும், வயிறு மத்தளம்போல இறுகும். விடியட்டும், பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். சில மணி நேரத்தில் உயிரே போய்விடும். இரவிலும் அறுவை சிகிச்சை செய்யும் கால்நடை மருத்துவமனை எது என்று இன்றே விசாரித்து, போன் எண்ணை எழுதி வையுங்கள். சாப்பாட்டை ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். இரைப்பை முறுக்கிக்கொள்ளாதபடி அதை வயிற்றின் உள்சுவரோடு சேர்த்துத் தைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. கருத்தடை செய்யும்போதே அதையும் முடித்துக்கொள்ளலாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

பையன் விஷயம். சாதுவான இனம்தான், ஆனால் அன்பு மிகுந்தால் ஆள்மேல் சாய்ந்து நிற்கும். ஆறு வயதுக்காரன் விழுந்துவிடுவான். வாலோ சாட்டை. மேலே தாவக் கூடாது, கயிற்றை இழுக்கக் கூடாது என்பதை இந்த மாதமே பழக்குங்கள். ஆறு மாதம் கழித்து அதன் கயிறு உங்கள் கையில் இருக்காது, நீங்கள்தான் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருப்பீர்கள். எவ்வளவு சாதுவானாலும் இருவரையும் தனியே விடாதீர்கள்.

அப்புறம் ஆயுள். பொதுவாக 7 முதல் 10 வருடம். உலகிலேயே உயரமான நாய் என்று கின்னஸில் இடம்பெற்ற ஜியஸும் கிரேட் டேன்தான். 2014-ல் இறந்தபோது அதற்கு வயது 5. பையனிடம் இதை இப்போது சொல்ல வேண்டாம். நீங்களும் கணவரும் தெரிந்து வைத்திருங்கள்.